உப்பு பார்க்கும் கண்ணாடி: வெள்ளாற்றங்கரையில் இரண்டு மழைக்காலம் பயன்படுத்திய பிறகு

விற்பவர்கள் எழுதும் பெயர் சாலினிட்டி ரிஃப்ராக்டோமீட்டர். எங்கள் பண்ணையில் அதற்குப் பெயர் வெறும் ‘கண்ணாடி’. ஒரு சாண் நீளக் குழல், ஒரு முனையில் சாய்வாக வெட்டிய பட்டைக் கண்ணாடி, அதன் மேல் மூடித் திறக்கும் பிளாஸ்டிக் தகடு, மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு ரப்பர் வளையம். பேட்டரி கிடையாது. ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஒரு வாரத்தில் எழுதும் விமர்சனத்தில் இதைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரையில் எங்களுக்கு மூன்று இறால் குட்டைகள். சித்தப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். நான் கடல் உயிரியல் படித்தவள். ஆனால் படித்ததையும் பண்ணையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வைத்தது இந்தக் குழல்தான். அதற்கு முன் எங்கள் வீட்டு உப்புமானி சித்தப்பாவின் நாக்கு. ஆற்றில் கை நனைத்து நாக்கில் வைப்பார். “கால் உப்பு”, “அரை உப்பு”, “முழு உப்பு” என்பார். முப்பது வருடப் பழக்கம் அது. குறை சொல்ல எனக்கு மனசு வராது.

குறை இருந்தது நாக்கில் இல்லை. கை நனைத்த இடத்தில் இருந்தது.

கண்ணாடி வாங்குவதற்கு முந்தைய வருடம் ஆவணியில் குஞ்சு விட்டோம். ஐப்பசியில் முதல் மழை. குட்டையில் தண்ணீர் குறைந்திருந்ததால் கடல் ஆற்றுக்குள் ஏறும் ராத்திரி ஏற்றத்தில் மோட்டார் போட்டோம். தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. ஏறிய தண்ணீரெல்லாம் கடல் தண்ணீர் என்று நினைத்தோம். மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் ஃபுட் வால்வு மிதவையில் கட்டி மேல்மட்டத்தில் தொங்கியது, அடியில் போனால் சேறு இழுக்கும் என்று. மூன்றாம் நாள் இறால் தீவனம் எடுக்கவில்லை. லேபில் பாக்டீரியா வளர்க்கும் தட்டு போட்டுப் பார்த்ததில் விப்ரியோ என்னும் பாக்டீரியாவின் பச்சைக் காலனி எண்ண முடியாத அளவு. நாற்பது கிலோ கூடத் தேறவில்லை. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஒரு குட்டை போவதற்கு ஒரே காரணம் இருக்காது. ஆனால் எந்தத் தண்ணீரை உள்ளே விட்டோம் என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. அது மட்டும் நிச்சயம்.

அடுத்த மாதமே இதை வாங்கினேன்.

பயன்படுத்தும் விதம் எளிது. பட்டைக் கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் தகட்டை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், உள்ளே வட்டத்தில் மேல்பாதி நீலம், கீழ்பாதி வெள்ளை. இரண்டும் சேரும் கோடு நிற்கும் எண்தான் உப்பு. உப்பு கூடக்கூட ஒளி அதிகமாக வளையும், கோடு மேலே ஏறும். வலது பக்க அளவு பிபிடி, அதாவது ஆயிரம் கிராம் தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்று 0 முதல் 100 வரை. இடது பக்கம் அடர்த்தி, 1.000 முதல் 1.070 வரை. நல்ல கடல் தண்ணீர் 35, அடர்த்தி சுமார் 1.025. இந்த இடது பக்கத்தைப் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கழிமுகத்தின் கதை முழுக்க அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆற்று நீருக்கும் கடல் நீருக்கும் நூற்றுக்கு இரண்டரை பங்குதான் எடை வித்தியாசம். அது போதும், ஆறு மேலேயும் கடல் கீழேயுமாக இரண்டு பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ள.

வாங்கிய முதல் வாரம் படகுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆற்று நடுவுக்குப் போனேன். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். அடித் தண்ணீர் எடுக்க நானே ஒன்று செய்துகொண்டேன்: கனமான கண்ணாடி பாட்டிலின் அடியில் கல் கட்டி, வாயில் தக்கை அடைத்து, தக்கைக்குத் தனிக்கயிறு. இறக்கிய பிறகு தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் நிரம்பும். மேல்தண்ணீர் 2. இரண்டரை மீட்டர் கீழே 19.

“அண்ணே, நீங்களே பாருங்க” என்று கொடுத்தேன். அவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அடியில கடல் நுழைஞ்சு போயிட்டு இருக்கும்மா. வலை எறக்கும்போது பார்த்திருக்கேன், மேல வலை கடலுக்கு இழுக்கும், அடிவலை ஊருக்குள்ள இழுக்கும்.” நான் வகுப்பில் இரண்டடுக்கு ஓட்டம் என்று படம் போட்டுப் படித்ததை அவர் வலைக்கயிறு இழுக்கும் திசையில் படித்திருக்கிறார்.

அன்றைக்கே ஃபுட் வால்வை இறக்கினோம். ஆற்றுத் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே, சேறு இழுக்காத உயரத்தில் இரும்புச் சட்டம் அடித்துக் கட்டினோம். அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டுமே 1,850 ரூபாய் தகும்.

இனி, உப்பு எண் தெரிந்தால் அந்தத் தண்ணீரில் யார் இருக்கிறார்கள் என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? நான் இந்தக் கருவியை மதிப்பதும், இதன் எல்லையை உணர்ந்ததும் இந்தக் கேள்வியில்தான்.

பெருமளவு சொல்லலாம். 30-க்கு மேலே இருந்தால் டயாட்டம் என்னும் கடல் நுண்பாசிகள் வரும்: காசு மாதிரி வட்டமான காசினோடிஸ்கஸ், சங்கிலியாகக் கோத்த ஸ்கெலடோனீமா. நல்ல பழுப்பு நிறம், குட்டைக்கு வரவேற்க வேண்டிய விருந்தாளிகள். 5-க்குக் கீழே போனால் நீலப்பச்சைப் பாசியும் நன்னீர்ப் பச்சைப் பாசியும். அதோடு வயலும் வாய்க்காலும் ஊர்ச் சாக்கடையும் சேர்த்து அனுப்பும் பாக்டீரியா. குடலில் வாழும் வகைகளுக்கு உப்பும் வெயிலும் ஆகாது, தெளிந்த கடல் நீரில் அவை வெகு நேரம் தாங்குவதில்லை. ஆனால் மழைக்கால ஆறு தெளிவாகவா வருகிறது? சேர்வராயன் மலையிலிருந்து வழியில் கரைத்த மண் எல்லாம் அதில் இருக்கிறது. வெயில் உள்ளே இறங்காது. களிமண் துகள்கள் முதல் உப்பைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்னத் திரளாகின்றன. அந்தத் திரள்களில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு குடியிருக்கின்றன. உணவும் அங்கேயே, நிழலும் அங்கேயே. நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் திரள் அடியில் படியும், ஏற்றம் வேகமெடுத்தால் மறுபடி எழும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கூடும், கலங்கலும் கூடும். அந்த நாட்களில் எடுத்த தண்ணீரில் எங்கள் தட்டுகள் எப்போதும் மோசம். சேற்றில் படுத்திருக்கும் விப்ரியோவும் கூடவே எழுந்து வருகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

எந்த விப்ரியோ என்பதும் முக்கியம். எல்லாமே எதிரி இல்லை. இறாலைச் சின்ன வயதிலேயே கொன்று இறால்காரர்களை நடுங்க வைத்த இ.எம்.எஸ். நோய்க்குக் காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸின் சில ரகங்கள் என்று 2013-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு கண்டுபிடித்தது. அந்த ரகமும் சாதாரண ரகமும் தட்டில் ஒரே மாதிரி பச்சையாகத்தான் தெரியும். உப்புக் கண்ணாடி இதில் எதையும் காட்டாது. காட்டும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

இப்போது எல்லைக்கு வருகிறேன். மார்கழியில் ஒரு நாள் அடித்தண்ணீர் 15. பங்குனியில் ஒரு நாள், ஆற்றில் கொஞ்சம் மேலே போய், அதே 15. நோட்டில் இரண்டும் ஒரே எண். மார்கழித் தண்ணீரை வலையில் அரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொஞ்சம் ஆற்று உயிர், கொஞ்சம் கடல் உயிர், இரண்டுமே வாடிப்போய். பங்குனித் தண்ணீரில் ஒரே வகை டயாட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது, அதைத் தின்ன கோபிபாடு என்னும் குட்டி ஓட்டுயிர்க் கூட்டம், முட்டைப் பையோடு. ஒரே உப்பு, இரண்டு ஊர் மக்கள்.

வித்தியாசம் தண்ணீர் தங்கிய நாட்களில் இருக்கிறது. டயாட்டம் நம் வெப்பத்தில் நாளுக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை பெருகும். ஆறு அதைவிட வேகமாக அதைக் கடலுக்குத் தள்ளினால், பெருகியதெல்லாம் வெளியே போய்விடும். எவ்வளவு சத்து இருந்தாலும் பாசி கட்டாது. வெள்ளம் வடிந்து, நீர் ஆற்றிலேயே ஏறி இறங்கி நாட்கணக்கில் ஊசலாடத் தொடங்கும்போதுதான் அங்கேயே ஒரு குடி உருவாகும். பாக்டீரியாவுக்கும் இதே நியதி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பார்க்கர் ஆற்றுக் கழிமுகத்தை ஆராய்ந்த பைரன் க்ரம்ப் குழு 2004-ல் இதைத்தான் எழுதியது: ஆற்றில் நீர் அதிகம் வரும் காலத்தில் நடு உப்பில் கிடைப்பது ஆற்றுப் பாக்டீரியாவும் கடல் பாக்டீரியாவும் கலந்த கலவை. நீர்வரத்து குறைந்து தங்கும் நாள் கூடினால், இரண்டிலும் சேராத, கழிமுகத்துக்கே உரிய தனிக்கூட்டம் தலையெடுக்கிறது. அதைப் படித்தபோது என் நோட்டின் இரண்டு 15-களும் கண்முன் வந்து நின்றன.

ஆகவே கருவி சொல்வது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை. வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை நீங்கள்தான் கணக்கு வைக்க வேண்டும். நான் நோட்டில் உப்புக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுகிறேன்: திதி, அணைக்கட்டில் தண்ணீர் விட்டு எத்தனை நாள், வெள்ளைத் தட்டு மறையும் ஆழம். தட்டு வேறொன்றும் இல்லை, 30 சென்டிமீட்டர் டிரம் மூடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து நடுவில் கயிறு. அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு ஆழம் வரைதான் பாசி வளர வெளிச்சம் என்பது பழைய கணக்கு. கார்த்திகையில் என் தட்டு ஓரடியில் மறைந்தது. அப்படியென்றால் மூன்றடிக்குக் கீழே பாசிக்கு இருட்டு. ஓட்டம் தண்ணீரை மேலும் கீழும் புரட்டிக்கொண்டிருந்தால் பாசி பாதிக்கு மேல் நேரம் இருட்டில்தான் இருக்கும்.

புரட்டல் நின்றால்? இது நான் இரண்டு தை மாதமும் பார்த்தது. வெள்ளம் வடிந்து மேலே கொஞ்சம் நன்னீர்ப் பாய் மிச்சம் இருக்கும். அஷ்டமி வரும். ஏற்ற இறக்கம் இரண்டும் சுருங்கும். மேல்பாய் கலையாமல் வெளிச்சத்தில் அப்படியே கிடக்கும். மூன்றாம் நாள் ஆறு பழுப்புப் பச்சையாகத் திரும்பிவிடும். அமாவாசை வந்து ஓட்டம் கூடியதும் இரண்டு நாளில் நிறம் காணாமல் போகும். சத்து அதே சத்து, வெயில் அதே வெயில். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதியில் ஜேம்ஸ் கிளோர்ன் வருடக்கணக்கில் அளந்து காட்டியதும் இதைத்தான், அங்கே வசந்தகாலப் பாசி, ஏற்ற இறக்கம் சுருங்கும் சிற்றோத நாட்களில் நீர் அடுக்கடுக்காக நிற்கும்போது கிளம்புகிறது. எங்கள் ஊரில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அப்படியிருந்தும் அஷ்டமிக்கும் அமாவாசைக்கும் இவ்வளவு வித்தியாசம்.

இதை அறிந்த பிறகு சித்தப்பாவிடம் சொன்னேன். “ஏம்மா, அஷ்டமில தண்ணி எடுக்காதேன்னு எங்கப்பா சொல்லுவாரு. நல்ல காரியத்துக்குத்தான் ஆகாதுன்னு நெனச்சேன்” என்றார். அவருடைய அப்பா என்ன நினைத்துச் சொன்னார் என்று இனி கேட்க முடியாது. அந்தத் தண்ணீரை நான் வேண்டுமென்றே எடுக்கிறேன், தண்ணீர் சேமிக்கும் ரிசர்வாயர் குட்டைக்கு மட்டும், பழுப்பாக இருந்தால் மட்டும். பச்சை அதிகமாக இருந்தால் எடுப்பதில்லை. அவருக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. அந்த நாட்களில் மோட்டார் சுவிட்சை நான்தான் போடுகிறேன்.

இன்னொன்று, ராத்திரி ஏற்றம். ஏறும் தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் பையை உதறினால் பகலைவிட ராத்திரி ஏற்றத்தில்தான் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் அதிகம். அவை ஓட்டத்தோடு அடித்துவரப்படும் தூசி அல்ல. கடலில் பொரித்து, உள்ளே வர வேண்டிய வயதில், ஏற்றத்தில் மேலே எழுந்து நீந்தும். இறக்கத்தில் அடியில் ஒண்டிக்கொள்ளும். உப்பு கூடுவதையும் குறைவதையும் உடம்பால் உணர்ந்து இப்படிச் செய்கின்றன. நம் கையிலிருக்கும் 1,850 ரூபாய்க் குழல் செய்வதை அரைக்கால் அங்குல நண்டுக்குஞ்சு கருவியில்லாமல் செய்கிறது. இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸைச் சுமந்து வரக்கூடியவை இவை என்பதால் பண்ணைக்காரிக்கு அது சந்தோஷமான காட்சி இல்லை. இருந்தாலும் பையிலிருந்து எடுத்து ஆற்றில் திருப்பி விட்டுவிடுவேன். காய விடுவதற்கு மனம் வரவில்லை.

ஃபில்டர் பையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். விப்ரியோவுக்குக் கோபிபாடின் ஓடு பிடிக்கும். ஓட்டிலிருக்கும் கைட்டினை அது தின்னும், அதன் மேலேயே ஒட்டி வாழும். காலராவைத் தருவதும் ஒரு விப்ரியோதான். வங்கதேசத்தில் ரீட்டா கோல்வெல் குழு பழைய சேலைத் துணியை மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொல்லிக் கொடுத்தது. அந்தக் கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003-ல் வெளியிட்டார்கள். பாக்டீரியா சேலை இழைக்குள் புகுந்து போகும் அளவு சின்னது. ஆனால் அது ஏறி உட்கார்ந்திருக்கும் கோபிபாடு பெரிது. அதை நினைத்து எங்கள் பைக்குள் நூல்புடவைத் துணியை நான்காக மடித்து இன்னொரு பை தைத்துப் போட்டேன். தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், டீசல் கூடுதல். தட்டில் காலனி குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று சொல்லும் அளவுக்கு நான் இன்னும் எண்ணவில்லை. ப்ளீச்சிங் போடுவதை இதற்காக நிறுத்தவும் இல்லை.

இனி கருவியின் குறைகள்.

வெப்பத் திருத்தம் தானாகவே நடக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அது 10 முதல் 30 டிகிரி வரைதான். சித்திரையில் எங்கள் குட்டைத் தண்ணீர் 30-ஐத் தாண்டும். சொட்டு விட்டு மூடியதும் அரை நிமிடம் நிழலில் வைத்துப் பிறகு பார்த்தால் தண்ணீரும் கண்ணாடியும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அதிக நேரம் வைக்கவும் கூடாது, ஓரத்தில் ஆவியாகி உப்பு கூடிக் காட்டும்.

5-க்குக் கீழே இதை நம்ப வேண்டாம். ஒரு கோட்டுக்கு ஒரு பிபிடி, கண் தடுமாறினால் முன்னே பின்னே ஒன்று போகும். 30-ல் அது பெரிய விஷயமில்லை, 2-ல் பாதிக்குப் பாதி தப்பு. ஐப்பசி மேல்தண்ணீருக்கு மின்கடத்தல் அளக்கும் பேனா மீட்டரே சிறந்தது. ஆனால் அதன் முனையில் சேறும் பாசியும் படிந்தால் பொய் சொல்லும். கண்ணாடி அழுக்கானால் கோடே மங்கிவிடும், பொய் சொல்லாது. அதனால்தான் அன்றாடத்துக்குக் கண்ணாடி.

மூன்றாவது குறையைச் சொல்லியே ஆக வேண்டும். வாங்கும் பலருக்கு இது தெரியாது. விலை குறைந்த பல கண்ணாடிகளின் அளவு கடல் உப்புக்கானது அல்ல, சமையல் உப்புக்கானது. கடல் நீரில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம் எல்லாம் உண்டு. அதனால் அந்த அளவில் 35 உப்புள்ள கடல் நீர் 36.5 என்று காட்டும். சோதிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. அயோடின் கலக்காத சுத்தமான உப்பு 36.5 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 963.5 கிராம், கரைத்து ஒரு சொட்டு. 35 காட்டினால் உங்கள் கண்ணாடி கடலுக்கானது. 36.5 காட்டினால் சமையலுக்கானது. என்னுடையது 36.5 காட்டியது. விற்பவர் பக்கத்தில் ‘கடல்நீர்’ என்று போட்டிருந்தார். திருப்பி அனுப்பவில்லை, காட்டும் எண்ணில் நூற்றுக்கு நான்கு பங்கைக் கழித்து எழுதப் பழகிவிட்டேன். ஆனால் வருத்தம் உண்டு. குஞ்சு வாங்கும்போது ஹேச்சரி உப்போடு நம் உப்பைப் பொருத்துகிறோம். அவர்கள் கண்ணாடி ஒரு ரகம், நம்முடையது வேறு ரகம் என்றால் அந்தச் சின்னஞ்சிறு உயிர்கள்தான் விலை கொடுக்கும்.

கூட வந்த சொட்டுக்குழாய் ஒரே மாதத்தில் வெடித்தது. மருந்துக்கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். பூஜ்யம் திருத்தும் குட்டி ஸ்க்ரூ டிரைவர் தொலைந்தால்தான் கஷ்டம், அதை நூலில் கோத்து உறையோடு கட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கலங்கல் தண்ணீரை ஐந்து நிமிடம் தெளியவிட்டு மேலாக எடுத்தால் கோடு கூராக விழும். ராத்திரியில் செல்போன் டார்ச்சை நேராகப் பிடிக்காமல் வெள்ளைக் காகிதத்தில் அடித்து அந்த வெளிச்சத்தைப் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் கழித்தது அந்த அளவுக் குழப்பத்துக்காக.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், கரும்புச்சாற்றில் சர்க்கரை பார்க்கும் பிரிக்ஸ் கண்ணாடி. அதையும் இதே பக்கத்தில் இதே விலைக்கு வைத்திருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கி உள் அளவைப் பாருங்கள். ஒரு பக்கம் 0 முதல் 100, மறுபக்கம் 1.000 முதல் 1.070. இரண்டும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கூடவே டிரம் மூடி ஒன்றும் வெள்ளைப் பெயின்ட்டும், திதி போட்ட ஒரு தினசரிக் காலண்டரும்.